காலம் தாழ்ந்து வரும் வண்டியும் காத்திருப்போர்க்கு உரிய சொல்லும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு நிறைவு விழாவில் பேச வருவோர்க்குப் பெரும்பாலும் இலக்கியத்தின் நேற்று, இன்று, நாளை பற்றிய தலைப்பே கிடைக்கும். எனக்கு விழாக் குழுவினர் தந்த தலைப்பு அத்தகையது அன்று. ‘காலம் தாழ்ந்து வரும் இரயில்’ என்பதே அது. வெளியூரிலிருந்து வரும் நம் கவிஞர்களில் பாதிப்பேர் கூட்டம் தொடங்கிய பின்னரே வந்து சேர்வதும், வந்தவுடன் ‘வண்டி தாமதம்’ என்று ஒரே குரலில் சொல்வதும் இத்தலைப்புக்குத் தூண்டுகோலாக இருந்திருக்கலாம். நகைப்புக்குரியதாகத் தோன்றும் இப்பொருள், சற்றே நெருங்கி நோக்கினால், சொல்லையே தொழிலாகக் கொண்ட நமக்கு மிகவும் அணுக்கமானது என்பது என் துணிபு. அதனை விளக்க முயல்கிறேன்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘தாமதம்’ என்பது ‘தமஸ்’ என்னும் வடசொல்லின் வழி வந்தது. தமஸ் என்றால் இருள். முக்குணங்களை எண்ணும்போது சாத்துவிகம், இராசதம், தாமதம் என்று மூன்றாவதாக எண்ணப்படுவதும் இதுவே. நடைமேடையில் காத்திருப்போரைக் கவனித்தால் இம்மூன்று குணங்களும் அதே வரிசையில் வரக் காணலாம். முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் சாத்துவிகர்கள். அடுத்தவர் பெட்டிக்கு இடம் விட்டு, ஊர் பேர் விசாரித்து, முறுக்கைப் பகிர்ந்துகொள்வர். இரண்டாம் மணி நேரத்தில் இராசதம் தலைதூக்கும். விசாரணைச் சாளரத்தின் முன் குரல்கள் உயரும். மூன்றாம் மணி நேரத்தில் செய்தித்தாளை விரித்து எல்லாரும் படுத்துவிடுவர். தமிழில் நமக்குச் சுணக்கம், காலத்தாழ்வு என்னும் சொற்களும் உண்டு. எனினும் இருளின் வேரிலிருந்து வந்த அச்சொல் ஓர் உண்மையைத் தன்னுள் வைத்திருக்கிறது. வண்டி ஏன் வரவில்லை, எப்போது வரும் என்று அறியாமல் இருப்பவன் இருளில் இருப்பவனே. அவனை வருத்துவது கழியும் நேரம் மட்டுமன்று, அந்த இருளும்தான்.

இந்த வருத்தம் தமிழர்க்குப் பழையதா, புதியதா? இரயில் தாமதம் என்ற அளவில் அது புதியதே. தென்னாட்டின் முதல் பயணிகள் வண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. அதற்கு முன் வண்டி கட்டிப் போனவர்க்குக் ‘கோழி கூப்பிடும் நேரம்’ போதும். ‘விளக்கு வைக்கும் நேரம்’ போதும். நாழிகைக் கணக்கு சோதிடர்க்கும் கோயில் பூசைக்கும் உரியதாக இருந்தது. இருபத்து நான்கு நிமிடம் கொண்ட நாழிகையை உடைத்து, ‘ஏழு மணி பதினெட்டு நிமிடம்’ என்று குடியானவனையும் சொல்லவைத்தது இரயில்தான். சென்னை வானாய்வகம் கணித்த மதராஸ் நேரத்தையே அந்நாளில் இந்திய இரயில்வேக்கள் கைக்கொண்டன. 1906-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நாடு முழுமைக்குமான பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. ஆக, வண்டியைக் கொண்டுவந்தவர்கள் நிமிடத்தையும் கொண்டுவந்தார்கள். நிமிடம் வந்தபின்னரே அதனைத் தவறவிடுவதும் வந்தது. கால அட்டவணை என்பது அச்சிட்டுத் தரப்பட்ட ஒரு வாக்குறுதி. வாக்குறுதி இல்லாத இடத்தில் தாமதமும் இல்லை.

வாக்குறுதியும் காத்திருப்பும் என்று சொன்னவுடன் இவ்வவையினர் நெஞ்சில் முல்லைத்திணை தோன்றியிருக்கும். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். கார்காலத் தொடக்கத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிச் சென்ற தலைவனை எதிர்நோக்கி ஆற்றியிருக்கும் தலைவியின் ஒழுக்கம் அது. மேகம் எழுகிறது, கொன்றை பூக்கிறது, குறித்த பருவம் வந்துவிட்டது, தேரோசை மட்டும் கேட்கவில்லை. இதனைப் பாடுவதற்கு என்றே நம் முன்னோர் ஒரு நிலத்தையும், ஒரு பெரும்பொழுதையும், ஒரு சிறுபொழுதையும் ஒதுக்கி வைத்தார்கள். காத்திருத்தலை வெறும் இடைவேளையாகக் கருதாமல் வாழ்வின் ஐந்து நிலைகளுள் ஒன்றாக வைத்த மரபு நம்முடையது.

அந்த மரபில் காத்திருப்பவளுக்கு மூவகைச் சொற்கள் கிடைக்கின்றன. ஒன்று, தலைவன் சொல்லிச் சென்ற சொல். பருவத்தின் அடையாளங்கள் கண்ணெதிரே நின்றபோதும், அவர் பொய் கூறார் என்று அச்சொல்லையே பற்றி நிற்கும் தலைவியைக் குறுந்தொகையில் காண்கிறோம். இரண்டு, தோழியின் சொல். பருவம் வந்துவிட்டதே என்று தலைவி கலங்கும்போது, ‘இது கார்காலமே அன்று, கொன்றைதான் அறியாமையால் பூத்துவிட்டது’ என்னும் கருத்துப்படத் தோழி தேற்றுகிறாள். அது பொய் என்பதைத் தோழி அறிவாள். ஒருவேளை தலைவியும் அறிவாள். மூன்று, விரிச்சி. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் மலரும் தூவி வழிபட்டு, யாரேனும் தற்செயலாகப் பேசும் நற்சொல் காதில் விழுமா என்று காத்து நிற்கின்றனர். கன்றுகளைத் தேற்றும் ஓர் இடைமகளின் சொல் அவர்க்கு நிமித்தமாகக் கிடைக்கிறது.

இம்மூன்றையும் இன்றைய இரயில் நிலையத்தில் அப்படியே காணலாம். தலைவனின் சொல் கால அட்டவணை. தோழியின் சொல் ஒலிபெருக்கி அறிவிப்பு. ‘சுமார் முப்பது நிமிடம் தாமதமாக வந்து சேரும்’ என்று முதலில் சொல்லும். முப்பது நிமிடம் கழிந்ததும் அதனையே அதே இனிய குரலில் மீண்டும் சொல்லும். இவ்விரண்டும் பொய்த்தபின் எஞ்சுவது விரிச்சி. தேநீர் விற்பவர் சொன்னது, எதிர்த் திசையில் வந்த வண்டியிலிருந்து இறங்கியவர் சொன்னது, கைப்பேசியில் மருமகன் சொன்னது என்று காற்றில் வந்த சொற்களைப் பொறுக்கிக் கூட்டிப் பார்த்து நிமித்தம் கொள்கிறோம்.

இங்கேதான் என் கருத்தின் மையம் இருக்கிறது. சங்கத் தோழியின் பொய்யை நாம் பிழை என்பதில்லை. அழகு என்று போற்றுகிறோம். நிலையத்தின் பொய்யை ஏன் பொறுக்க இயலவில்லை? தலைவிக்கு ஆற்றியிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவள் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றும் இல்லை. ஆகவே அவளுக்கு வேண்டியது ஆறுதல். பயணியின் நிலை அவ்வாறன்று. அவன் பேருந்துக்கு மாறலாம், பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம், வரவேற்க வருபவரை வராதே என்று தடுக்கலாம், மருந்து வாங்கிக்கொள்ளலாம். அவன் முன் நான்கு வழிகள் உள்ளன. உண்மை தெரிந்தால் அவற்றுள் ஒன்றைத் தேர்வான். ‘இன்னும் அரைமணி’ என்னும் ஆறுதல் சொல் அந்த நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாக அடைத்துவிடுகிறது. தலைவிக்கு ஆற்றுவித்தல் வேண்டும். பயணிக்கு அறிவித்தல் வேண்டும்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தென்மாவட்டச் சந்திப்பு நிலையம் ஒன்றில் எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் ஒவ்வொருவரிடமாகச் சென்று, “ஐயா, வண்டி வந்துருமா? துட்டி வீட்டுக்குப் போறேன், மூணு மணிக்கு எடுத்துருவாக” என்று கேட்டுக்கொண்டிருந்தார். இறந்தவர் அவருடைய உடன்பிறந்த அண்ணன். காலை ஒன்பது மணிக்கு வரவேண்டிய வண்டி. ஒலிபெருக்கி மூன்று முறை அரைமணித் தாமதம் சொல்லிவிட்டது. நாங்கள் ஐந்தாறு பேர் “வந்துரும் ஆச்சி, உக்காருங்க” என்று தேற்றினோம். சுமை தூக்கும் இளைஞர் ஒருவர் மட்டும் எங்கேயோ போய் விசாரித்துவிட்டு வந்து, “ஆச்சி, வண்டி நாலு ஸ்டேஷனுக்கு அங்கிட்டே நிக்கி. தண்டவாளத்துல வேலை. மத்தியானம் ஒரு மணிக்கு முன்ன இங்க வராது. வெளிய பஸ் நிக்கி, இப்பமே ஏறுனா ரெண்டு மணிக்குப் போயிரலாம்” என்று சொல்லி, அவர் பையைத் தாமே தூக்கிக்கொண்டு பேருந்து வரை சென்று ஏற்றிவிட்டு வந்தார். நாங்கள் சொன்னவை கனிவான சொற்கள். அவர் சொன்னது கனிவற்ற சொல். அண்ணன் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கும் வாய்ப்பை ஆச்சிக்குக் கொடுத்தது அந்தச் சொல்தான்.

உண்மையைச் சொல்வதற்கு அதனை முதலில் அறிந்திருக்க வேண்டும். ஆகவே வண்டிகள் ஏன் நிற்கின்றன என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பயணியாக மட்டுமன்றி எழுத்தாளராகவும் நாம் அறிந்திருக்க வேண்டியவை இவை. இருப்புப்பாதை சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இயல்பான முறையில் ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்கலாம். முன் சென்ற வண்டி அதனை விட்டு அகன்றது உறுதியானால்தான் அடுத்ததற்குக் கைகாட்டி இறங்கும். இதுவே பாதுகாப்பின் அடிப்படை. ஒற்றைத் தடம் உள்ள இடங்களில் எதிரெதிர் வண்டிகள் நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். ஒரு வண்டி இருபது நிமிடம் தாழ்ந்தால், அதற்காகக் காத்திருக்கும் எதிர்வண்டியும் தாழும். அதன் பின்னால் வருவதும் தாழும். தனக்குரிய நேரத்தைத் தவறவிட்ட வண்டி, நேரத்தோடு வரும் விரைவு வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியும் வரும். இருபது நிமிடம் ஒரு மணி நேரமாக வளர்வது இவ்வாறுதான்.

இன்னொன்று, இணை இரயில். மாலையில் நம் ஊரிலிருந்து புறப்பட வேண்டிய வண்டிக்குப் பெட்டிகள் ஆகாயத்திலிருந்து இறங்குவதில்லை. காலையில் வேறோர் ஊரிலிருந்து வந்த வண்டியின் பெட்டிகளே துப்புரவு செய்யப்பட்டு மாலையில் திரும்புகின்றன. டிசம்பரிலும் ஜனவரியிலும் வடநாட்டில் மூடுபனி கவிந்தால், தில்லியிலிருந்து வரும் வண்டி சென்னைக்குக் காலம் தாழ்ந்து வருகிறது. சென்னையில் நல்ல வெயில் அடிக்கும்போதே அங்கிருந்து வடக்கே திரும்ப வேண்டிய வண்டியும் தாழ்கிறது. ஆகவே நடைமேடையில் ‘வண்டி எப்போது புறப்படும்?’ என்று கேட்பதைவிட ‘இந்த வண்டிக்குரிய பெட்டிகள் இப்போது எங்கே இருக்கின்றன?’ என்று கேட்பது பயன் தரும். முதற் கேள்விக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஊகம். இரண்டாவதற்குக் கிடைப்பது ஓர் ஊரின் பெயர். அந்த ஊரிலிருந்து எத்தனை மணி நேரம் என்று நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தாமதம் எல்லாமே குற்றம் என்று நான் கூறுவதாகக் கொள்ள வேண்டா. நம் நாட்டு வெள்ளங்களின் வரலாறு அதற்கு மாறாகப் பேசுகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில் சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி, அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்தில் வீழ்ந்தது. ஏறத்தாழ நூற்றைம்பது பேர் மாண்டனர். அதற்குச் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே பதவி விலக முன்வந்திருந்த இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, அரியலூருக்குப் பின் பதவியை விட்டே விலகினார். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் வண்டியைக் கடல் கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். கைகாட்டி கிடைக்காமல் சற்று நேரம் நின்ற பிறகே அவ்வண்டி முன்னேறியது என்று சொல்வர். அந்த இரு வண்டிகளும் எங்கேயேனும் நிறுத்தப்பட்டிருக்கக் கூடாதா என்று இன்றும் நெஞ்சம் ஏங்குகிறது.

அப்படி நிறுத்தப்பட்ட வண்டி ஒன்று அண்மைக் காலத்தில் உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் இரவு எட்டரை மணியளவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்கு விரைவு வண்டி புறப்பட்டது. அந்நாள்களில் தாமிரபரணிக் கரையில் பெய்த மழையை மழை என்று சொல்வது போதாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் செய்துங்கநல்லூர் செல்லும் வழியில் தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளைக் கற்களை வெள்ளம் அரித்துச் சென்றுவிட்டது. செய்தி கிடைத்ததும் வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ எண்ணூறு பயணிகள். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கு மாற்றப்பட்டனர். பின்னர்ச் சாலையும் மூழ்கியதால் மற்றவர் நிலையத்திலேயே தங்க நேர்ந்தது. மின்சாரம் இல்லை, தொலைத்தொடர்பு இல்லை, சுற்றிலும் நீர். இரண்டு இரவுகள் அவர்கள் அங்கே இருந்தனர். அருகிலிருந்த புதுக்குடி ஊர் மக்கள், தம் வீடுகளையும் வெள்ளம் சூழ்ந்த நிலையில், சமைத்துக் கொண்டுவந்து அவர்களுக்கு உணவளித்தனர். 19-ஆம் நாள் ஹெலிகாப்டரில் உணவு வந்தது. மீட்புப் படையினரும் வந்தனர். பயணிகள் வாஞ்சி மணியாச்சிக்கு அழைத்துச் செல்லப்பட்டுத் தனி வண்டியில் சென்னைக்கு அனுப்பப்பட்டனர்.

அந்த எண்ணூறு பேரும் பட்டது பெருந்துன்பம். எனினும் எல்லாரும் வீடு சேர்ந்தனர். நின்ற வண்டியின் துன்பத்தையும் நில்லாத வண்டியின் துன்பத்தையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் வாய்ப்பை அரியலூரும் ஸ்ரீவைகுண்டமும் நமக்குத் தருகின்றன. ஆகவே நடைமேடையில் நாம் எழுப்ப வேண்டிய கேள்வி ‘ஏன் நிறுத்தினீர்கள்?’ என்ற சினக் கேள்வி அன்று. ‘எதற்காக நிறுத்தியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்’ என்ற உரிமைக் கேள்வி. தம் உயிரைக் காக்க வண்டி நிற்கிறது என்று அறிந்தவர் பொறுப்பர். ஒருவருடைய சோம்பலால் நிற்கிறது என்று அறிந்தவர் முறையிடுவர். ஒன்றும் அறியாதவரோ இரண்டையும் ஒன்றாகக் கருதி, காக்கின்ற கையையும் கடிந்துகொள்வர். காரணம் சொல்லாமை நல்ல ஊழியரையும் அல்லாதவரையும் ஒரே இருளில் மறைத்துவிடுகிறது.

காரணம் சொல்வது கருணையன்று, கடமை என்பதை நீதிமன்றமும் கூறியிருக்கிறது. அஜ்மீரிலிருந்து ஜம்மு சென்ற வண்டி நான்கு மணி நேரம் தாழ்ந்ததால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட பயணி ஒருவர் நுகர்வோர் மன்றத்தை நாடினார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. தாமதத்துக்கான காரணத்தை விளக்கி, அது தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று மெய்ப்பிக்காவிட்டால் இரயில்வே இழப்பீடு தரவேண்டும் என்று 2021 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று. தாமதமே குற்றம் என்று தீர்ப்புக் கூறவில்லை; விளக்கம் இல்லாத தாமதமே குற்றம் என்றது. சொல்லின் மதிப்பைச் சட்டம் உணர்ந்த இடங்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

சப்பான் நாட்டில் வண்டி தாழ்ந்தால், அலுவலகத்திலும் பள்ளியிலும் காட்டுவதற்காகப் பயணிகளுக்குத் தாமதச் சான்றுச் சீட்டு கொடுக்கிறார்கள். 2017 நவம்பரில் தோக்கியோவை ஒட்டி ஓடும் ஒரு வண்டி, குறித்த நேரத்துக்கு இருபது நொடி முன்னதாகப் புறப்பட்டுவிட்டது என்பதற்காக அதனை நடத்தும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நம்மூரில் இதனைச் சொல்லிச் சிரிப்பவர் உண்டு. இருபது நொடியில் என்ன இருக்கிறது என்பர். எனக்கு அதில் தெரிவது, அச்சிட்ட சொல்லுக்குத் தாம் கட்டுப்பட்டவர் என்னும் உணர்வு. அச்சில் தவறிய ஓர் ஒற்றெழுத்துக்காக உறங்காமல் புரளும் கவிஞர்கள் உள்ள இந்த வட்டத்துக்கு அவ்வுணர்வு விளங்காமற் போகாது.

இனி, வெளியூரிலிருந்து வரும் நம் உறுப்பினர்க்குப் பயன்படும் சில செய்திகள். இலக்கிய உரையில் இவை எதற்கு என்று கருத வேண்டா. ஏறும் நிலையத்தில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாழ்ந்து, நீங்கள் பயணத்தைக் கைவிட்டால் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். வண்டி உண்மையில் புறப்படுவதற்கு முன்பே சீட்டை ஒப்படைக்கவோ, இணையச் சீட்டாயின் அதற்குரிய விண்ணப்பத்தைப் பதிவு செய்யவோ வேண்டும். வண்டி போனபின் கேட்டால் கிடைப்பது அரிது. ஓர் ஊரில் இறங்கி வேறு வண்டி பிடிப்பவர் இரு பயணத்தின் முன்பதிவு எண்களையும் இணைத்துக்கொள்ளும் வசதி 2019 ஏப்ரலில் வந்தது. முதல் வண்டி தாழ்ந்து இரண்டாவது தவறினால், பயணம் செய்யாத பகுதியின் கட்டணத்தைக் கோர அது உதவும். வண்டியின் இருப்பிடத்தை 139 என்னும் எண்ணில் விசாரிக்கலாம். இரண்டு வேளை மருந்து கூடுதலாகக் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டா. தண்ணீரும் கைப்பேசியின் மின்னூட்டமும் நிலையத்திலேயே நிரம்பட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களுக்குத் தெரிந்ததை அருகில் இருப்பவர்க்கும் சொல்லுங்கள். கைப்பேசியில் வண்டியைத் தேடிப் பார்க்கத் தெரிந்தவர் ஒரு நடைமேடையில் நூறு பேர் இருப்பர். தெரியாத முதியவர் பத்துப்பேர் இருப்பர். அந்தப் பத்துப் பேர்க்கு இந்த நூறு பேரும் தோழியராக வேண்டும். பொய் சொல்லாத தோழியராக.

இதுவரை மணிக்கணக்கில் தாழ்ந்த வண்டிகளைப் பற்றிப் பேசினேன். ஆண்டுக்கணக்கில் தாழ்ந்த வண்டிகளும் உண்டு. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குச் சென்ற மீட்டர் பாதை வண்டி, அகலப்பாதைப் பணிக்காக 2010-ஆம் ஆண்டு இறுதி நாளோடு நிறுத்தப்பட்டது. தேனிக்கு மீண்டும் வண்டி வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு வந்தது 2023 ஜூனில். அன்று கைக்குழந்தையாக இருந்த ஒன்று, இரயில் இல்லாத ஊரிலேயே வளர்ந்து உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டது. பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. புதிய பாலத்தில் 2025 ஏப்ரலில்தான் தொடங்கிற்று. 1964 புயலில் சிதைந்த பாலத்தை நாற்பத்தாறு நாளில் சீர் செய்த வரலாறும் அதே பாம்பனுக்கு உண்டு.

கடல் கடந்து நோக்கினால் இன்னும் நீண்ட காத்திருப்பைக் காண்கிறோம். 1956-இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த வண்டி. 1990-ஆம் ஆண்டு ஜூனில் போரின் காரணமாக யாழ்ப்பாணத்துக்கான இரயில் நின்றது. அது மீண்டும் அந்நகரை அடைந்தது 2014 அக்டோபரில். இருபத்து நான்கு ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகேறிக் கடந்தவர் உண்டு; கடக்கும்போது உயிரிழந்தவர் உண்டு. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்ந்து, நிலையக் கட்டடங்கள் கூரையின்றி நின்றன. அந்த நடைமேடைகளில் எந்த ஒலிபெருக்கியும் ‘தாமதம்’ என்று அறிவிக்கவில்லை. வண்டி நின்ற நாளில், இது இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு நிற்கும் என்று யாரும் அறியார். இன்றோ நாளையோ வரும் என்றே ஒவ்வொரு நாளும் கழிந்திருக்கும். முல்லையின் இருத்தல், நெய்தலின் இரங்கலாக மாறும் இடம் அதுவே.

இத்தகைய காத்திருப்புகளை யார் பதிவு செய்தார்கள்? இரயில்வேயின் ஏடுகளில் பாதை மூடிய நாளும் திறந்த நாளும் இருக்கும். இடையில் ஓர் ஊர் என்ன செய்தது என்பது இராது. வண்டி நின்றபின் நிலைய வாயிலில் பூ விற்றவர் எங்கே போனார், வாரச்சந்தைக்கு வந்த மூட்டைகள் எவ்வழியே வந்தன, காலை வண்டியைக் கேட்டு உலை வைத்த வீடுகள் எதைக் கேட்டு உலை வைத்தன என்பவை எந்த ஏட்டிலும் இல்லை. இவற்றை எழுதுவது நம் வேலை. நமக்குத் திணை வகுத்துத் தந்த முன்னோர் காத்திருந்தவளின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவள் முற்றத்தில் என்ன பூத்தது, எந்தப் பறவை கூவியது, மாலையில் யார் விளக்கேற்றினார் என்பதைத் தவறாமல் சொன்னார்கள். அந்த நுட்பம் இருப்பதாலேயே இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அக்காத்திருப்பு மெய்யாகத் தோன்றுகிறது.

இதனை முன்னிட்டு வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நம் உறுப்பினர் ஒவ்வொருவர் ஊருக்கு அருகிலும் ஒரு நிலையம் இருக்கும். அல்லது முன்பு இருந்திருக்கும். வரும் ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு நிலையத்துக்குச் சென்று, அங்கே காத்திருப்போரோடு காத்திருந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும். கவிதையாயினும் சரி, கட்டுரையாயினும் சரி. உயர்வு நவிற்சி வேண்டா. ‘சுமார்’ என்னும் சொல்லும் வேண்டா. எத்தனை மணிக்கு வரவேண்டிய வண்டி, எத்தனை மணிக்கு வந்தது, அதற்குள் யார் யாருக்கு எது தவறிப்போயிற்று என்று எழுதினால் போதும். அவற்றைத் தொகுத்தால் நம் காலத்தின் முல்்லைப்பாட்டு ஒன்று கிடைக்கக்கூடும். கிடைக்காவிட்டாலும், காத்திருந்தவர்களுக்கு ஒரு மெய்யான சொல்லேனும் கிடைக்கும்.